அந்தக் கதவுல கண்ணாடி எதுக்குங்க வச்சிருக்கு?

மணி காலைல 10.20. ஓவனுக்கு முன்னாடி முக்காலிய இழுத்துப் போட்டு, ஹாலுக்கு முதுக காட்டிக்கிட்டு உக்காந்து இத டைப் பண்ணிட்டிருக்கேன். என்னடி இப்படி களத்துல நெல்லுக்கு காவ இருக்கற மாதிரி உக்காந்திருக்கன்னு எங்க அத்தை ரெண்டு தடவ எட்டிப் பாத்து கேட்டுட்டாங்க, நான் திரும்பவே இல்ல. ஏன்னா உள்ள வேகுறது நேத்துலேருந்து நான் ஊத்துன மூணாவது கேக்கு. மூணாவதுங்க. மொத ரெண்டும் நடுவுல உள்வாங்கி ஹரித்ரா நதி தெப்பக்குளம் மாதிரி ஆயிருச்சு, எங்க மன்னார்குடி குளத்துக்காவது நடுவுல ஒரு கோயில் இருக்கு, என் கேக்குல அதுவும் இல்ல. மன்னார்குடி மதிலழகும்பாங்களே, அது மாதிரி ஓரத்துல மதிலு மட்டும் ஜம்முனு நிக்குது, உள்ள பொத்துனு கெடக்கு.

மாவு சரியில்ல, முட்டை சரியில்லன்னா நானே என் தலைல கொட்டிக்குவேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பாதி வேகறப்போ கதவ தொறந்துட்டாங்க, அவ்ளோதான். ஒரு தடவ என் புள்ள, ஒரு தடவ என் வீட்டுக்காரர்.

எத்தன தடவங்க சொல்றது? தமிழ்ல தானே சொல்றேன்? தொறக்காதீங்க, தொறக்காதீங்க, தொறக்காதீங்க. பேப்பர்ல எழுதி ஒட்டிப் பாத்தேன், அது சூட்டுல கருகி விழுந்துருச்சு. அப்புறம் பக்கத்து செவுத்துல ஒட்டுனேன், அதுல எவனோ பால் கணக்கு எழுதி வச்சிருக்கான்.

நேத்து மத்தியானம் நடந்தத கேளுங்க. ஒரு வயசு புள்ளைக்கு மொத பொறந்தநாளு, ஒன்றரை கிலோ பட்டர்ஸ்காட்ச், இன்னிக்கு சாயங்காலம் 5 மணிக்கு குடுத்தாகணும். நேத்தே கேக்க செஞ்சு ஆற வச்சாத்தான் இன்னிக்கு க்ரீம் போட வசதி. 170 டிகிரி வச்சு மாவ ஊத்தி உள்ள தள்ளிட்டு, கொல்லைல காயப்போட்ட துணிய எடுக்கப் போனேன், ஐப்பசி மழை, எப்ப வரும்னே தெரியாது. திரும்பி வந்தா என் புள்ள ஓவன் கதவ ஆன்னு தொறந்து வச்சுக்கிட்டு நிக்கறான், கையில ராத்திரி மிச்சமான பரோட்டா. "சூடா தானம்மா இருக்கு, ஓரமா வச்சுக்கறேன்"ங்கறான். கேக்கு வேகற ஓவன்ல பரோட்டாவ ஓரமா வைக்கறானாம்! 14வது நிமிஷம் அது. என் கண்ணு முன்னாடி, உப்பி வந்தது அப்படியே மெதுவா, பெருமூச்சு விடற மாதிரி எறங்குச்சு. நான் கத்துன கத்துல கோழியெல்லாம் ஓடிருச்சு.

சரின்னு பல்ல கடிச்சுக்கிட்டு மறுபடி முட்டை ஒடச்சு, வெண்ணெய் அடிச்சு, ரெண்டாவது ஊத்துனேன். இந்த தடவ எடத்த விட்டு நகரவே இல்ல. 20 நிமிஷம் தாண்டிருச்சு. அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மகன் வந்தாரு, நான் காபி கலக்க அடுப்பு பக்கம் திரும்பிருக்கேன், அவ்ளோதான், இவரு அவர கூட்டிட்டு வந்து "வா தம்பி, உங்க அண்ணி செய்யறத பாரு"ன்னு பெருமையா, ஆமா பெருமையாத்தான், கதவ தொறந்து காட்டுறாரு. கண்ணாடி இருக்கு. உள்ள லைட் எரியுது. வெளிய நின்னாலே பளிச்சுனு தெரியும். அப்படியும் தொறக்கணுமாம்! கேட்டா "ஒரு செகண்டு தானடி". அந்த ஒரு செகண்ட நான் அளந்து பாத்திருக்கேன்யா, உள்ள வைக்கற தெர்மாமீட்டர் 250 ரூபா குடுத்து வாங்கி வச்சிருக்கேன், 170ல நின்ன முள்ளு நீங்க ஒரு செகண்டு தொறந்ததுல 135க்கு வந்துச்சு, மறுபடி ஏற ஏழெட்டு நிமிஷம் ஆச்சு. இது என்ன பெரிய பேக்கரி ஓவனா, 28 லிட்டர் சின்ன பொட்டி, சூடு வெளிய போறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?

இவங்களுக்கு புரியற மாதிரியே சொல்லியாச்சு. மாவுல இருக்கற பேக்கிங் பவுடர் காத்த விடும், அந்த காத்து சூட்டுல விரிஞ்சு மாவ மேல தூக்கும், ஆனா அப்ப அது வெறும் நொரை தான், முட்டையும் மாவும் வெந்து இறுகுற வரைக்கும் அத தாங்கி நிக்க ஒண்ணும் கெடையாது. அந்த நேரத்துல குளுந்த காத்து பட்டா உள்ள இருக்கற காத்து சுருங்கும், நொரை அமுங்கும், முடிஞ்சுது. ஒரு தடவ எறங்குனது திரும்ப ஏறாது. நட்ட அன்னிக்கே வயல்ல ஆள் எறங்கி ஒழப்புனா நாத்து நிக்குமான்னு கேட்டேன், மூணு ஏக்கர் சம்பா போட்ற மனுசன் கிட்ட. "அது வேற இது வேற"ங்கறாரு.

எது வேற? போன வாரம் தான தீபாவளி போச்சு. எங்க அத்தை அதிரசத்துக்கு பாகு வச்சாங்க. அந்த கதைய சொல்லியே ஆகணும். பச்சரிசிய ஊறவச்சு நெழல்ல ஒணத்தி, ஈரம் காயறதுக்குள்ள இடிச்சு சலிச்சு எல்லாம் ரெடி. வெல்லப்பாகு அடுப்புல. தண்ணில ஒரு சொட்டு விட்டு உருட்டுனா உருண்டு வரணும், அந்த பதம் தப்புனா அதிரசம் எண்ணெயிலயே பிரிஞ்சு போயிரும். அந்த கால் மணி நேரம் எங்க வீட்ல ஒருத்தன் மூச்சு விடல. டிவிய அணைச்சாச்சு. போன் அடிச்சா எடுக்கக்கூடாது. எங்க வீட்டுக்காரர் தண்ணி குடிக்கறதுக்கு அடுப்படி வாசப்படில நின்னு "உள்ள வரலாமாம்மா"ன்னு உத்தரவு கேட்டாரு. மூணு நாளு மாவு பானைய யாரும் தொடல, கண்ணு பட்டுருமாம். எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல, அத்தை அதிரசம் மாதிரி இந்த தெருவுலயே யாராலயும் சுட முடியாது. ஆனா பாகுக்கு பதம் உண்டு, கேக்குக்கு பதம் கெடையாதா? இட்லி பானைய ஆவி வர்றதுக்கு முன்னாடி தொறந்தா கைல கரண்டியால ஒரு போடு போட்டவங்க தான அவங்க? என் ஓவன்னா மட்டும் எப்படி சத்திரத்து கதவு ஆயிருது?

அத்தைக்கு அந்த ஓவன்ங்கற வார்த்தையே வராது. "அவன்" தான். நடுக்கூடத்துல நின்னுக்கிட்டு ஊருக்கே கேக்கற மாதிரி "ஏண்டி, அவன அணைச்சிட்டியா இல்லயா"ம்பாங்க. தெருவுல போறவங்க என்ன நெனப்பாங்கன்னு இருக்கும். அது ஒண்ணு தான் இந்த வீட்ல எனக்கு சிரிப்பு வர்ற விஷயம்.

அந்த ஓவன் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். 2023 செப்டம்பர்லேருந்து மகளிர் உரிமைத்தொகை மாசம் 1000 ரூபா வர ஆரம்பிச்சுதுல்ல, அதுல ஒரு பைசா தொடாம ஒம்போது மாசம் விட்டு வச்சேன். கல்யாணம் ஆகி 22 வருஷத்துல என் கணக்குக்கு எம்பேர்ல வந்த மொத காசு அது. அதுல வாங்குனேன். அன்னிலேருந்து வீட்ல ஒரே பாட்டு, கரண்ட் பில்லு. வருஷத்துக்கு 3600 யூனிட்டு தாண்டுனா உரிமைத்தொகை கெடையாதுன்னு விண்ணப்பத்தப்ப சொன்னாங்கல்ல, அத புடிச்சுக்கிட்டாரு எங்க வீட்டுக்காரர். "ஓவன் ஓட்டி ஓட்டி ஓவனுக்கு காசு குடுத்ததையே கெடுத்துக்கப் போற." ஐயா, அது 1500 வாட்டு. விடாம ஒரு மணி நேரம் எரிஞ்சாலே ஒன்றரை யூனிட்டு தான், அதுவும் சூடு ஏறுனா தானா அணைஞ்சு அணைஞ்சு எரியறது, அவ்ளோ கூட ஆகாது. உங்க புள்ள ரூம்ல ராத்திரி முழுக்க ஏசி ஓடுதே, போர்வைய இழுத்து மூடிக்கிட்டு தூங்கறானே, அந்த யூனிட்டு எல்லாம் யாரு வீட்டு மீட்டர்ல ஓடுது?

தராசு வாங்குனதுக்கு ஒரு சிரிப்பு. "சமையக்கட்டா நகைக்கடையா"ன்னு. ஆரம்பத்துல நானும் ஆழாக்குல தான் அளந்தேன், எட்டு ஆழாக்கு ஒரு படின்னு அம்மா வீட்ல பழகுன கை. வீடியோல ஒரு கப்புன்னு சொல்றது 240 மில்லி, நம்ம ஆழாக்கு அதவிட சின்னது, மாவுக்கும் ஆழாக்கு, பாலுக்கு டம்ளரு, சக்கரைக்கு கையில கெடச்ச கிண்ணம்னு போட்டா எப்படி வரும்? பத்து கேக்கு கல்லு மாதிரி வந்தப்புறம் தான் கிராம் கணக்குக்கு மாறுனேன். அந்த பத்து கல்லையும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம நான் மட்டும் காபில தொட்டு தின்னேன்ங்கறது தனி கதை.

இப்ப மாசத்துக்கு எட்டு, பத்து ஆர்டர் வருது. 100 ரூபா கட்டி எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, அதான் சாப்பாட்டு சாமான் விக்கறதுக்கான அரசாங்க பதிவு, அது கூட பண்ணிட்டேன், நான் பண்ணப்ப வருஷம் 12 லட்சத்துக்குள்ள வியாபாரம்னா அது போதும்னு இருந்துச்சு, 14 இலக்க நம்பரு, எம்பேரு போட்டு வந்துச்சு. பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டலாம்னு பாத்தேன், ஆணி அடிக்க ஆள் இல்லையாம். நாலு மாசமா பீரோ மேல கெடக்கு. க்ரீம் வாங்க கும்பகோணம் போகணும், பஸ்ஸுல, தெர்மாகோல் பொட்டிய மடில வச்சுக்கிட்டு. நடுவுல ரயில்வே கேட் போட்டுட்டான்னா ஒரு கண்ணு வாட்ச்சுல, ஒரு கண்ணு பொட்டில. இத்தனையும் முடிச்சு வந்தா நாத்தனார் போன்ல, "அண்ணி, என் கொழுந்தன் புள்ளைக்கு ஒரு கிலோ சும்மா ஒண்ணு போட்டு குடுங்களேன்." சும்மாவாம். வெண்ணெய், முட்டை, க்ரீம், அட்டை, பொட்டி எல்லாம் சேத்து எனக்கே கிலோவுக்கு 450 ரூபா ஆகுது. நான் என்ன சும்மா இருக்கறவளா சும்மா போட்டு குடுக்க?

சும்மாங்கறதுல தான் எல்லாமே அடங்கியிருக்கு. நான் கொழம்பு வச்சா அது வேலை, நேரத்துக்கு வேணும். அவருக்கு சக்கரை, அதனால தனி. அத்தைக்கு உப்பு கம்மி, அது தனி. புள்ளைக்கு காரம் இல்லாம எறங்காது. மூணு அடுப்பு மூணு பக்கம் எரியும், அதுக்கு ஒரு பேச்சு கெடையாது. கேக்கு செஞ்சா மட்டும் அது விளையாட்டு, பொழுதுபோக்கு, நடுவுல யாரு வேணா வரலாம், போலாம், தொறக்கலாம், "ஒரு டீ போடேன்"ங்கலாம். அதுல வந்த காசுல தான் பொண்ணுக்கு திருச்சி ஹாஸ்டல் மெஸ் பில்லு கட்டுனேன் ரெண்டு மாசமா. அப்ப யாரும் விளையாட்டுன்னு சொல்லல.

ஆனா நேத்து ரெண்டாவது கேக்கும் அமுங்குனப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா? அமுங்குனத அறுத்து, உக்காந்து, காபியோட, எல்லாரும் தின்னாங்க. "நல்லாத்தாண்டி இருக்கு, இதுக்கு போயா இந்த கத்து கத்துன"ன்னு அத்தை. வந்த கொழுந்தன் ரெண்டு துண்டு பார்சல் வாங்கிட்டு போனாரு. தொறந்தவனுங்களே தின்னானுங்க! நான் ஒரு துணுக்கு தொடல.

ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம் போல "டிபன் என்ன"ன்னு ஹாலுலேருந்து கொரல். நான் எங்க கல்யாணத்துலேருந்து இது வரைக்கும் ஒரு ராத்திரி கூட அதுக்கு பதில் சொல்ல யோசிச்சதில்ல, காய்ச்சல்ல கெடந்தப்ப கூட ரவா கிண்டுனவ. நேத்து சொன்னேன், "இன்னிக்கு டிபன் கெடையாது. தண்ணி ஊத்துன சோறு இருக்கு, மோர் மொளகா டப்பால இருக்கு, பொரிச்சுக்கங்க." கத்தல. சாதாரணமா தான் சொன்னேன். ஹாலு அப்படியே அமைதியாயிருச்சு. டிவில எவனோ பேசிட்டிருந்தான், அவன் கொரல் மட்டும் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு எங்க வீட்டுக்காரர் வந்து, மோர் மொளகா எந்த டப்பான்னு கேட்டாரு. 22 வருஷமா அதே டப்பா. நீலக்கலரு மூடின்னு சொன்னேன். கருக்கிட்டாரு, அது வேற விஷயம்.

காலைல எந்திரிச்சதும் மொத வேலையா முக்காலிய இழுத்துப் போட்டேன். பரோட்டா, விருந்தாளி, மழை, எது வந்தாலும் நகர்றதில்லன்னு. காபி அவங்கவங்களே போட்டுக்கிட்டாங்க, பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடிருக்கு, அது இங்கேருந்தே தெரியுது. தொடைக்கப் போறதில்ல நான்.

இதோ 10.47. 32 நிமிஷம் ஆயிருச்சு. மேல நல்லா செவந்து வந்திருக்கு, நடுவுல லேசா மேடு கட்டியிருக்கு, வாசனை வாசல் வரைக்கும் போயிருக்கும் போல, பின்னாடி ஆளு வந்து நிக்கற சத்தம் கேக்குது. "வெந்துருச்சா?" அவரு தான். நான் திரும்பல. "தொறக்கல, சும்மா கேட்டேன்"ங்கறாரு.

மறுபடி சும்மா.

இருங்க, 35 ஆச்சு, நானே தொறக்கறேன். குச்சி சுத்தமா வந்துருச்சு, ஒட்டல. ஆற ரெண்டு மணி நேரம் ஆகும், அதுக்கப்புறம் தான் க்ரீமு. முக்காலி அங்கயே தான் இருக்கும்.