விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு பொதுக் கூட்டத்தில் கணிதம் பேச வந்த ஒரு பிள்ளைக்கு நடந்ததைப் பற்றி எழுதாமல்தான் இருந்தேன். ஆனால் அதன் வீடியோ கிளிப் எங்கள் குடும்ப குரூப்புக்கே சிரிப்புக் குறிகளோடு வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை எல்-சார்புகள் என்ற உயர்கணித விஷயத்தைப் பற்றித் தமிழில், ஆம், தமிழில், பேசி முடித்ததும் முன்வரிசைப் பெரியவர் எழும்பி, "தங்கச்சி, இதைப் படிச்சா எந்த நாட்டு விசா கிடைக்கும்?" என்று கேட்கிறார். மண்டபமே சிரிக்கிறது.

ஐயா, உங்களுக்கு விளங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பிரயோசனத்தைக் கேட்டீர்கள்.

இத்தனைக்கும் அந்தப் பிள்ளை தொடங்கியது ஒன்பதாம் வகுப்புக் கணக்கில். மங்கிப்போன மார்க்கரைத் திருப்பித் திருப்பி உதறி, 3/2, 20/3, 41/6 என்று பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணியை வரைந்து, வர்க்கங்களைக் கூட்டிக் காட்டி, பரப்பளவு சரியாக 5 என்றார். பக்கங்கள் பின்னங்களாக இருக்க, பரப்பளவு 1 ஆக முடியாது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா 17ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார். 157 ஆகலாம், ஆனால் அதன் மிக எளிய முக்கோணியில் செம்பக்கத்தின் தொகுதியெண்ணுக்கே 48 இலக்கம்! அப்படியானால் எந்த எண்ணுக்கு முக்கோணி உண்டு, எதற்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் எல்-சார்பு வருகிறது. கேள்வி ஒரு நீள்வளைய வளையியில் (ஒருபக்கம் y², மறுபக்கம் x இன் மூன்றாம் படிக் கோவை என்ற சமன்பாட்டின் வளைகோட்டில்) விகிதமுறு புள்ளிகள், அதாவது ஆள்கூறுகள் பின்னங்களான புள்ளிகள், முடிவில்லாமல் உண்டா என்று மாறுகிறது. ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்து வரும் மீதிகளில் அந்தச் சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வு என்று எண்ணி, எல்லாவற்றையும் கோர்த்து ஒரு சார்பைக் கட்டுகிறார்கள். அது 1 என்ற இடத்தில் பூச்சியமானால் புள்ளிகளுக்கு முடிவில்லை, இல்லாவிட்டால் முடிவுண்டு. 1960களின் தொடக்கத்தில் பேர்ச்சும் சுவின்னர்ட்டன்-டயரும் கேம்பிரிட்ஜ் கணினியில் எண்ணிப் பார்த்துச் சொன்ன ஊகம் இது. 2000இல் இதற்குப் பத்து லட்சம் டொலர் பரிசு அறிவித்தார்கள், இன்னும் யாரும் வாங்கவில்லை. 1986இல் குரோஸும் சாகியரும் அந்தச் சார்பின் பெறுதிக்கும் (அது மாறும் வீதத்துக்கும்) வளையியிலுள்ள ஒரு புள்ளியின் 'உயரத்துக்கும்' (அதன் பின்னங்கள் எவ்வளவு பெரியவை என்ற அளவுக்கும்) நேரடித் தொடர்பைக் காட்டினார்கள். புள்ளிக்குப் பதிலாகப் பெரிய அட்சரகணித வடிவங்களை, அதாவது சமன்பாடுகளால் அமையும் வடிவங்களை, வைத்தாலும் இதே உறவு இருக்கவேண்டும் என்று பெயிலின்சனும் புளொக்கும் சொன்னது பெரும்பாலும் இன்னும் ஊகமாகவே நிற்கிறது. மீதிகளை எண்ணுவதற்கும் வடிவங்கள் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஏன் சம்பந்தம்? இதைக் கேட்டுவிட்டு விசாவா ஞாபகம் வருகிறது?

"பகிடிக்குத்தானே கேட்டார்" என்பவர்களுக்குப் பதில் இல்லை. பகிடி என்றால் அந்தப் பிள்ளையும் சிரித்திருக்கும்.

"பொதுக் கூட்டத்தில் ஏன் இவ்வளவு கஷ்டமான விஷயம்?" சரி. போன மாதம் தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றை இரண்டு மணித்தியாலம் பிரித்து மேய்ந்தார்களே, அப்போது விசா எங்கே போனது? அங்கேயும் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. ஆனால் தலையாட்டினோம்.

"நாடு இருக்கிற நிலையில் பிள்ளைகள் பிழைக்க வழி பார்க்கவேண்டாமா?" 2022இல் பெற்றோல் வரிசையில் நானும்தான் நின்றேன், எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு ஏ வந்தபோது கணிதமே படிக்கப்போகிறேன் என்றேன். கொட்டாஞ்சேனை வீட்டில் மாமா, சித்தப்பா எல்லாரும் கூடியிருந்து "படிச்சு டியூசன் வாத்தியாராகப் போறியா?" என்று சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவுமில்லை. இன்றைக்குக் காலி வீதியில் ஒரு கந்தோரில் மற்றவர்களின் வரவுசெலவைச் சரிபார்க்கிறேன். பிழைத்துத்தான் இருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும், மண்டபத்தில் கேட்டது அதே சிரிப்பு.

பிரயோசனம்தான் வேண்டுமென்றால், நீங்கள் அந்தக் கிளிப்பை அனுப்பிய வாட்ஸ்அப்பே இதே இனத்து நீள்வளைய வளையி ஒன்றின் துணையோடுதான் செய்தியை மறைத்து அனுப்புகிறது. ஆனால் இதைப் பதிலாகச் சொல்லவே எனக்கு எரிச்சல். பிரயோசனம் இல்லாவிட்டால் சிரிக்கலாம் என்று ஆகிவிடும்.

விளங்காதவர் "மகள், இன்னொருக்கா சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கலாம். அந்தப் பிள்ளை இரவிரவாக இருந்து சொல்லியிருக்கும். அதைவிட்டு...

கீழே வந்து "அண்ணை, இதெல்லாம் பெரிசு படுத்தாதேங்கோ" என்று எழுதப்போகிறவர்கள் பரப்பளவு 7 வரும் முக்கோணியைக் கண்டுபிடித்துப் பின்னங்களோடு எழுதுங்கள். அப்புறம் கதைப்போம்.