பழைய பேப்பரில் மெட்ராஸ் போலீஸைத் தேடுகிறவர்களுக்கு

பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றைப் படமெடுத்து, "அந்தக் கால மெட்ராஸைப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்துப் போட்டால் பகிர்வுகள் குவிந்துவிடும். பெரும்பாலும் அது ஒரு கைதுச் செய்தியாக இருக்கும். அந்த வழக்கு பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால் பதிவு போட்டவரிடம் பதில் இருக்காது. இதை வரலாறு என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. கைதுச் செய்தி என்பது போலீஸ் அன்றைக்குச் சொன்ன கதை, அவ்வளவுதான். வழக்கைக் கடைசிவரை துரத்திப் போகாதவர் அந்தத் துண்டைப் பகிராமல் இருப்பதே நல்லது.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்திக்குத்து, மறுநாள் பொது மருத்துவமனையில் மரணம். டிசம்பரில் சினிமா நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. 1945 மே மாதம் இருவருக்கும் தீவாந்திர தண்டனை, அதாவது ஆயுள் முழுக்க நாடுகடத்தல். உயர் நீதிமன்றத்தில் அப்பீல் தள்ளுபடி. பிறகு அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடியும் சென்னைக்கே வந்து, 1947 ஏப்ரலில் விடுதலை. 1945 மே இதழை மட்டும் திறந்தவருக்கு இருவரும் கொலைக் குற்றவாளிகள். 1947 ஏப்ரல் இதழை மட்டும் திறந்தவருக்கு ஒரு பாவமும் அறியாதவர்கள். கத்திக்குத்திலிருந்து விடுதலை வரை ஓடிய இரண்டரை வருஷத்தில்தான் சாட்சிகள் என்ன சொன்னார்கள், அதை யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்பதெல்லாம் இருக்கிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இறந்தவரே 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தி நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதியவர். அந்த வழக்கைப் பற்றி அன்றைய சினிமாப் பத்திரிகைகள் எழுதியதை ஓரமாய் நின்று பார்த்தவனின் சாட்சியமாக வாசிக்க முடியாது.

துரத்துவதற்கு வழி தெரிய வேண்டுமென்றால் அன்றைய நடைமுறை தெரிய வேண்டும். இன்றைய கோர்ட்டை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் தவறிவிடும். நகரத்தில் கொலை நடந்தால் முதலில் பிரேத விசாரணை, அப்புறம் ரிமாண்டு. அடுத்து நகரத்தின் கீழ்க் கோர்ட்டு நீதிபதியான பிரசிடென்சி மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஆரம்ப விசாரணை. அதில் முகாந்திரம் இருந்தால் உயர் நீதிமன்ற செஷன்ஸுக்கு, அதாவது முழு விசாரணைக்கு, அனுப்பிவைப்பார்கள்; இதுதான் 'கமிட்'. அங்கே குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல, பொதுமக்களிலிருந்து எடுத்த ஒன்பது ஜூரர்கள். பிரசிடென்சி மாஜிஸ்ட்ரேட் என்ற பதவியே 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய், 1974 ஏப்ரல் 1 முதல் மெட்ரோபாலிடன் மாஜிஸ்ட்ரேட் ஆனது.

இந்தச் சங்கிலியில் ஆகச் செழிப்பான இடம் மாஜிஸ்ட்ரேட் முன் நடந்த அந்த ஆரம்ப விசாரணை. சாட்சி சாட்சியாக, குறுக்கு விசாரணையோடு, பத்தி பத்தியாக அச்சிட்டிருப்பார்கள். கைதுச் செய்தி பத்து வரி என்றால் இது பல நாள் ஓடும். அதனால் கைது தேதிக்குப் பிந்தைய இதழ்களை வரிசையாகப் பார்த்து, கமிட் செய்த நாளை முதலில் பிடியுங்கள். செஷன்ஸ் தவணை தவணையாகக் கூடியதால், கமிட் ஆன தேதிக்கு அடுத்த தவணை எப்போது என்று பார்த்தால் தேட வேண்டிய வாரங்கள் சுருங்கிவிடும்.

செஷன்ஸ் விசாரணைக்குப் பேப்பரையே நம்ப வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஜூரி காரணம் சொல்லாது. குற்றவாளி, குற்றவாளி அல்ல என்பதோடு முடிந்தது. இன்று போல ஐம்பது பக்கத் தீர்ப்பு கிடையாது. ஜூரிகளுக்கு நீதிபதி வழக்கைத் தொகுத்துச் சொன்ன உரை நிருபர் குறித்துக்கொண்ட அளவில்தான் பல வழக்குகளில் நமக்குக் கிடைக்கும். அப்பீல் போயிருந்தால் மட்டும் மெட்ராஸ் லா ஜர்னல் போன்ற சட்ட அறிக்கைத் தொகுதிகளில் தேடிப் பார்க்கலாம்.

எந்தப் பக்கத்தில் தேடுவது என்பதிலும் ஏமாற்றம் உண்டு. 'தி ஹிந்து'வின் முதல் பக்கம் 1958 வரை விளம்பரப் பக்கம். எவ்வளவு பெரிய கொலையானாலும் உள்ளேதான் கிடக்கும். நகரச் செய்தி ஒரு பத்தி, வெளியூர்ச் செய்தி இன்னொரு பத்தி. ஆளவந்தார் கொலை வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1952 ஆகஸ்ட் 28 அன்று மெட்ராஸில் அவரைக் காணோம். தலையில்லாத உடல் ரயிலில் மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில். ஆக, ஒரே வழக்கு தொடக்கத்தில் இரண்டு ஊர்ச் செய்தி. நகரப் பத்தியை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். இதைவிடத் தூரம் போன வழக்கு 1919 அக்டோபரில் மெட்ராஸ் நியூயிங்டன் மாளிகையில் பள்ளி முதல்வர் டி லா ஹே சுடப்பட்டது. ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் படித்த இடம். விசாரணை பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பம்பாய்ப் பேப்பரைத்தான் புரட்ட வேண்டும்.

இணையத்தில் தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ளை, னை, ணை எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவம். ஸ்கேன் செய்த படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அதில் தடுக்கி விழும். நமக்கு மிகவும் வேண்டிய 'கொலை', 'கொள்ளை' இரண்டிலும் அந்த எழுத்துதான் இருக்கிறது! தேடலில் ஒன்றும் வரவில்லை என்பதற்காகச் செய்தியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 'போலீஸ்', 'போலீசு', 'மாஜிஸ்ட்ரேட்', 'ஜூரர்' என்று வேறு சொற்களைப் போட்டு, எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றும் எழுதியிருப்பார்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி.

பணமும் இடமும் சின்ன விஷயம், ஆனால் தப்பாக எழுதுகிறவர்கள் ஏராளம். 1957 ஏப்ரலுக்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ரூ. 3-8-0 என்றிருந்தால் மூன்றரை ரூபாய். பிளாக் டவுன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் ஆனது. சைனா பஜார் ரோடு இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. பிராட்வே இன்றைய பிரகாசம் சாலை.

இனி, எண்ணிக்கை. "இந்த வருஷத்தில் குற்றம் இரண்டு மடங்கு" என்று பேப்பரைப் பார்த்துச் சொல்கிறவர்களிடம் அந்த வருஷம் என்ன சட்டம் வந்தது என்று கேளுங்கள். மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. முந்தின நாள் வரை கடையில் போய்க் குடித்தவன் மறுநாள் முதல் குற்றவாளி. அதேபோல 1888 சென்னை நகரப் போலீஸ் சட்டத்தின் 75ஆவது பிரிவு. இன்றும் ஸ்டேஷனில் '75 கேஸ்' என்கிறார்களே, அதுதான். தெருவில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்கள் மேல் போடுவது. அந்த எண்ணிக்கை ஏறினால் நகரம் கெட்டுவிட்டது என்பதைவிட, போலீஸ் அந்தப் பிரிவை அதிகம் எடுத்தது என்று வாசிப்பதே நியாயம். பேப்பரில் வந்ததைப் போலீஸ் துறையின் வருடாந்தர நிர்வாக அறிக்கையோடு ஒட்டிப் பார்க்காமல் கணக்குச் சொல்லக் கூடாது.

போலீஸை மட்டும் அறிய விரும்புகிறவர்கள் 1855இலிருந்து தொடங்கலாம். அந்த வருஷம் வந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை, வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் மக்களை என்னென்ன செய்தார்கள் என்று பதிவு செய்தது. குழுவில் இருந்தவர்கள் எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன். இதில் எலியட் மெட்ராஸ் நகரப் போலீஸுக்கே தலைமை வகித்தவர்! மாகாணப் போலீஸைத் திருத்தியமைத்த 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் இதற்கெல்லாம் பிறகு வந்ததுதான். பின்னால் வரும் செய்திகளில் "எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று ஒரு வரி வரும்போதெல்லாம் இந்த அறிக்கை நினைவில் இருக்கட்டும்.

சாதிப் பெயரோடு "குற்றப் பரம்பரையினர் நால்வர் கைது" என்று வரும் செய்திகளை அப்படியே எடுத்துப் போடுவது எனக்குப் பெரிய ஆட்சேபம். 1871இல் பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு குடும்பத்தில் பிறந்ததையே குற்றமாக்கியது. நிருபர் அந்தச் சட்டத்தின் சொல்லை யோசிக்காமல் எழுதினார். 2020களில் அதையே யோசிக்காமல் பகிர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.

எங்கே பார்ப்பது? எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம். தமிழ் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அன்றைய அரசாங்கம் தமிழ், தெலுங்குப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று வேவு பார்த்து ஆங்கிலத்தில் சுருக்கி வைத்த அறிக்கைகளும் உண்டு. மூல இதழ் அழிந்துபோன இடத்தில் இவை கைகொடுக்கும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் அரசாங்கத்துக்குத் தேவையானதைத்தான் எடுத்தார் என்பதை மறக்கக் கூடாது. வீட்டிலிருந்தே பார்க்க சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளம் இருக்கிறது. அங்கே 'தமிழ் முரசு'ம் உண்டு. மெட்ராஸ் வழக்குகளைத் தேடிப் பாருங்கள், இங்கே கிடைக்காத சில அங்கே கிடைக்கலாம்.

குறிப்பெடுக்கும்போது பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம், பத்தி எண் நான்கையும் படத்தின் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். செய்தியை மட்டும் வெட்டாமல் பக்கத்தின் தலைப்போடு முழுசாக ஒரு படமும் எடுங்கள். மைக்ரோஃபிலிமில் ஒரு நாளின் இதழே விடுபட்டிருப்பதும், பைண்டிங்கில் ஓரப் பத்தி விழுங்கப்பட்டிருப்பதும் சகஜம். அப்படி விடுபட்ட நாளையும் தேதியோடு எழுதி வையுங்கள். அதே நாளின் இன்னொரு பத்திரிகையை எடுத்துப் பார்க்க அந்தக் குறிப்புதான் உதவும்.