அம்மாவின் கணினியில் 1,284 கோளாறாம்!

போன சனிக்கிழமை காலை, இங்கே சிங்கப்பூரில், யீஷூனிலிருந்து அம்மா போன் செய்தார். குரலே சரியில்லை. "தம்பி, கம்ப்யூட்டர்ல 1,284 கோளாறு இருக்காம்டா. சிவப்பா எழுதிக் காட்டுது. தொட்டா ஏதும் ஆயிடுமா?" அவருக்கு வயது 71. தஞ்சாவூரில் இருக்கும் பெரியம்மாவிடம் பெரிய திரையில் முகம் பார்த்துப் பேசத்தான் அந்தக் கணினியே. நான் உட்லண்ட்ஸிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அதையெல்லாம் "சுத்தம்" செய்து தருவதாகச் சொன்ன துப்புரவு மென்பொருளுக்கு அட்டை எண்ணைப் போட்டு 59 வெள்ளி கட்டியிருந்தார். பயம்தான், வேறென்ன?

அந்த 1,284 என்னவென்று உட்கார்ந்து பார்த்தேன். முக்கால்வாசி குக்கீ, அதாவது இணையத் தளங்கள் நம்மை நினைவில் வைக்க கணினியில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்புகள். மிச்சம் எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டர், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன வரிகள். குக்கீ ஒரு கோளாறா? ரெஜிஸ்ட்ரியில் நாலு பழைய வரி கிடந்தால் கணினி மெதுவாகிவிடுமா? ரெஜிஸ்ட்ரி துப்புரவு மென்பொருள்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. குப்பைக் கோப்புகளை நீக்க விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதி இருக்கிறது, ஒரு காசு வேண்டாம். அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் குக்கீயை எண்ணி, சிவப்பில் போட்டு, வயதானவர்களை நடுங்க வைக்கிறார்கள். இது என் வயிற்றெரிச்சல்.

"சுத்தம்" செய்து என்ன கிடைத்தது? அம்மா வழக்கமாகப் பார்க்கும் தளமெல்லாம் கடவுச்சொல் கேட்டது. ஒன்றும் அவருக்கு நினைவில்லை. கணினியோ முன்பு போலவே திணறியது. மின்விசிறி வேறு ஓயாமல் இரைந்தது.

சரி, சூடாகிறதோ என்று பார்க்க இலவச வெப்பக் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை இறக்கினேன். திறந்ததுமே விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் தடுத்தது. காரணம் உள்ளே இருந்த வின்ரிங்0 டிரைவர். வன்பொருளை நேரடியாகத் தொட அனுமதி தரும் டிரைவர் அது. அதன் பாதுகாப்பு ஓட்டை 2020லேயே, தெரிந்த ஓட்டைகளின் பொதுப் பட்டியலான சிவிஇயில் எண்ணோடு பதிவாகிவிட்டது. 2025 மார்ச்சிலிருந்து டிஃபெண்டர் அதைப் பிடிக்கிறது. இத்தனை நாள் கழித்தும் அதையே வைத்து விநியோகிப்பவர்களை என்ன சொல்வது?

அந்த டிரைவர் இல்லாத இன்னொன்றைப் போட்டேன். ஒரு வரியில் 127 டிகிரி! பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் விளங்கியது: கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் வெப்ப உணரியே இணைக்காத வெற்று இணைப்பு அது. வெறுமையைப் படித்து 127 என்று காட்டுகிறது. "இங்கே உணரி இல்லை" என்று ஒரு வரி போடக் கூடாதா? எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டதே, அம்மா தனியாகப் பார்த்திருந்தால்?

உண்மையான எண் அதற்கு மூன்று வரி கீழே, எந்த நிறமும் இல்லாமல் இருந்தது. கணினியின் மூளையான சிபியு 96 டிகிரி. பக்கத்து மூடியைக் கழற்றினேன். கணினி இருப்பது சாமி மேடைக்குக் கீழே. தினமும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, அதோடு இந்த ஊர்ப் புழுக்கமும் தூசியும். சிபியுவின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது. பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, பெட்டியைச் சன்னல் பக்கம் நகர்த்தினேன். 62க்கு இறங்கியது. திணறலும் நின்றது. 59 வெள்ளி வாங்கியவனின் பட்டியலில் இந்தத் தூசி இல்லவே இல்லை.

அந்தத் துப்புரவு மென்பொருளை நீக்கப் போனால் மூன்று முறை கேட்கிறது: "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கும், உறுதியாகவா?" நீக்கினேன். பிறகு மின்னஞ்சலைப் பார்த்தால், வருடா வருடம் அட்டையிலிருந்து தானாகவே பணம் எடுப்பார்களாம். அதை நிறுத்தும் பொத்தான் எங்கேயும் இல்லை. வங்கியை அழைத்து அட்டையையே ரத்து செய்தோம். புது அட்டை வரும் வரை அம்மாவின் தண்ணீர், மின்சாரக் கட்டணத்தை நான் கட்டுகிறேன்.