ஷூ பாலிஷ் பூசினால் கார் சீட் நிறம் மாறாது

"நிறம் மங்கிய கார் சீட்டில் கருப்பு ஷூ பாலிஷும் தேங்காய் எண்ணெயும் கலந்து தேயுங்கள், நிரந்தரமாகப் புது நிறம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

பூசிக் காய்ந்த பாலிஷில் மிஞ்சுவது பெரும்பாலும் மெழுகு. ரெக்சினுக்குள் ஊறாது, மேலேயே படிந்து நிற்கும். வெயிலில் நின்ற காரில் அது இளகி, உட்காருபவரின் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வேட்டி என்றால் கேட்கவே வேண்டாம்! எண்ணெய் சேர்ந்தால் பிசுபிசுப்பும் தூசியும்தான் மிச்சம். சந்தேகம் இருந்தால், சீட்டுக்கு அடியில் ஓரிடத்தில் பூசி, மறுநாள் ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

துணி சீட்டுக்குப் பருத்திச் சாயமும் உதவாது. கார் சீட் துணி பெரும்பாலும் பாலியஸ்டர். ஆலைகளில் அதற்குச் சாயமேற்ற 130 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். எந்த இழைக்கு எந்தச் சாயம் என்பது பாக்கெட்டிலேயே இருக்கும்.

சரி, வீட்டில் முடியவே முடியாதா? தோல், ரெக்சின் சீட்டுக்கென்றே வண்ணப்பூச்சு விற்கிறார்கள். அழுக்கும் எண்ணெயும் போகச் சுத்தம் செய்து, நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிக்க வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட் என்றால் முதலில் காரின் கையேட்டைப் பாருங்கள்.

அந்தத் தகவல் உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.