புறநானூற்றுத் தாய் அழுதாள்

‘மகன் போரில் இறந்தால் சங்ககாலத் தாய் அழமாட்டாள், மகிழ்வாள்’ என்று ஒருவர் எழுதி, புறநானூறு 278-ஐச் சான்று காட்டியிருக்கிறார். இது தவறான முடிவு.

அந்தப் பாட்டில் மகிழ்ச்சி இருக்கிறது, சரி. ஆனால் மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்டுக் கொதித்து, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடியவள் அவள். சிதைந்து கிடந்த உடலைக் கண்டதும், பழி பொய் என்று தெரிந்ததில் வந்த உவகை அது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதற்கு முந்தைய பாட்டையே பாருங்கள். 277-இல் யானையைக் கொன்று மகன் மடிந்தான் என்று கேட்ட நரைத்த கிழவிக்கு, பெற்ற நாளைவிடப் பெரிய மகிழ்ச்சி. அதே மூச்சில், மழைக்குப் பின் மூங்கிலில் தொங்கும் துளிகளைவிட அவள் கண்ணீர்த் துளிகள் அதிகம் என்கிறார் பூங்கண் உத்திரையார். இரண்டு பாட்டுக்கும் துறை (பாட்டின் சூழலைக் குறிக்கும் உட்பிரிவு) உவகைக் கலுழ்ச்சி, அதாவது மகிழ்ச்சியோடு கலந்த அழுகை.

அப்புறம், வெறும் துயரத்தையே பாடும் பாட்டுகளும் அதே நூலில் உண்டு. 255-இல் இறந்து கிடக்கும் கணவன் அருகே மனைவி ‘ஐயோ’ என்று கதறப் பார்க்கிறாள், புலி வந்துவிடுமோ என்று பயம். தூக்கப் பார்க்கிறாள், அவன் அகன்ற மார்பைத் தூக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக் கொஞ்சம் நட, மலை நிழலுக்குப் போய்விடலாம் என்று பிணத்திடம் கெஞ்சுகிறாள். 248-இல் கணவனை இழந்தவளுக்கு, இளமையில் தழையாடையாக உடுத்திய ஆம்பலே இப்போது வேளை தவறி உண்ணும் உணவு. ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பெண்களையெல்லாம் கல்நெஞ்சக்காரிகள் ஆக்காதீர்கள்.