"அஞ்சு வோல்ட் பின்ல சொருகுங்க, அவ்ளோதான்"

எல்இடி ஸ்ட்ரிப்ப கண்ட்ரோலர் போர்டோட அஞ்சு வோல்ட் பின்லயே நேரா சொருக சொல்லிட்டு "அவ்ளோதான் நண்பர்களே"ன்னு முடியிற வீடியோவ இனி எவனாவது எனக்கு அனுப்புனீங்கன்னா அவ்ளோதான். டபிள்யூஎஸ்2812பின்னு, ஒவ்வொரு எல்இடியும் தனித்தனியா கலர் மாறுற ஸ்ட்ரிப்ல ஒரே ஒரு எல்இடி ஃபுல் வெள்ளைல எரிஞ்சா கிட்டத்தட்ட 60 மில்லிஆம்ப் இழுக்கும், மீட்டருக்கு 60 எல்இடின்னா 3.6 ஆம்ப், ஆர்டுயினோ ஊனோங்கிற கண்ட்ரோலர் போர்டுல யூஎஸ்பி பக்கம் இருக்கிற ஃபியூஸே 500 மில்லிஆம்ப்தான்யா! பெருக்கல் வாய்ப்பாடு கூடவா மறந்துபோச்சு?

அக்கா பொண்ணு ரெண்டாங்கிளாஸ், ஆண்டு விழால பட்டாம்பூச்சி வேஷம். ரெக்கைல 60 எல்இடி, முதுகுல ஈஎஸ்பி32னு இன்னொரு வகை கண்ட்ரோலர் போர்டு, ஒரு பவர் பேங்க். வானவில் கலர் ஓடுறப்ப எல்லாம் ஜோரா இருந்துச்சு. "மாமா, வெள்ளையா வை"ன்னா. வச்சேன். பாதி ரெக்கைக்கு மேல மஞ்சளாகி, நுனில சிவப்பாகி, அடுத்த செகண்டு போர்டு ரீசெட், திரும்ப ஆன், திரும்ப ரீசெட். நான் என்னமோ கோடுலதான் தப்புன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதையே நோண்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா கரண்ட் பத்தாம வோல்டேஜ் இறங்கினதுதான்.

சரி 18650ங்கிற லித்தியம் பேட்டரி செல் போடலாம்னு ஆன்லைன்ல வாங்கினா மேல கொள்ளளவு 9800 எம்ஏஎச்னு கூச்சமே இல்லாம அச்சடிச்சிருக்கான். நல்ல செல்லே 3500 பக்கம்தான் நிக்கும். அம்மாவோட கிச்சன் தராசுல வச்சேன், 31 கிராம். ஒரிஜினல் 45க்கு மேல இருக்கணும். உள்ள என்னத்த அடைச்சு வச்சிருக்கானோ! ப்ரொடெக்‌ஷன் சர்க்யூட்டும் (ஷார்ட் ஆனா கட் பண்றது) கிடையாது. இருந்தாலும் டெஸ்ட்டுக்குன்னு முடி மாதிரி ஜம்பர் வயர்ல மாட்டி வெள்ளை வச்சா ரெண்டு நிமிஷத்துல வயர் தொட முடியாத சூடு. இதை ஏழு வயசு புள்ள நைலான் டிரஸ் மேல கட்டி மேடைல ஆட விட்டிருப்பேன்யா, நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது.

இதுக்கு மருந்து ஒண்ணும் பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்ல, அதான் இன்னும் எரிச்சல். ஸ்ட்ரிப்போட பிளஸ் மைனஸ் போர்டு வழியா போகாம பவர் பேங்க்ல இருந்து நேரா தடி வயர்ல, ஸ்ட்ரிப்போட ரெண்டு முனைலயும் கொடுக்கணும். பிளஸ்ல 2 ஆம்ப் ஃபியூஸ். கிரவுண்ட் மட்டும் போர்டோட சேரணும். கோடுல எல்இடிய ஓட்டுற ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரில 5 வோல்ட், 1500 மில்லிஆம்ப்னு லிமிட் போட ஒரே ஒரு வரி, அதுவே வெளிச்சத்த குறைச்சுக்கும். ஒரு வரி! இருபது நிமிஷ வீடியோல சப்ஸ்கிரைப் பண்ண சொல்ல மூணு நிமிஷம் இருக்கு, இதுக்கு இல்ல.

விழா அன்னிக்கு எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு, ரெக்கை தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. அக்கா வந்து "என்னடா, இவ்ளோ செலவு பண்ணி டல்லடிக்குது"ங்கிறா.