குசினிக்கு அலுமாரி அடிப்பதற்கு முன்

கிளிநொச்சிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் இப்போது 'பான்ட்ரி கபேட்' வேண்டும், அதாவது குசினிச் சுவரோடு சேர்த்து அடிக்கும் அலுமாரி. வெளிநாட்டு அண்ணன் காசு அனுப்புகிறார், கூடவே படமும் அனுப்புகிறார். ஆசையைக் குறை சொல்லவில்லை. புகையில் கண் எரியக் குந்தியிருந்து சமைத்தவர்களுக்கு நின்று சமைக்க ஒரு மேடை வேண்டும்தான். எனக்குப் பிடிக்காதது அந்தப் பலகை.

விற்பது பெரும்பாலும் எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, மேலே மெலமைன் என்ற பிளாஸ்டிக் பூச்சுத்தாள் ஒட்டியது. மார்கழி மழையில் அடிப்பலகை ஈரம் குடித்தால் ஊதும். ஊதியது பிறகு வற்றாது. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். இதில் கதவுக்குச் சட்டம் போட்டதுபோல் கோடு வேறு கீறியிருக்கிறார்கள்! பழைய தச்சர்கள் சட்டத்தில் காடி என்ற நீளப் பள்ளம் எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் செருகியது அழகுக்காக அல்ல. மாரியில் மரம் அகலத்தில் பருக்கும், சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் சுருங்கும். அசைய இடம் விட்டால்தான் வெடிக்காது. எம்.டி.எஃப்.பில் அந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை.

நவீனக் குசினியின் மூலத்தையே பாருங்கள். 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர், ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவில் ஒரு குசினி வரைந்தார். மா வைக்கும் பெட்டிக்கு அவர் தெரிந்தது ஓக் மரம், புழு அண்டாது என்று. வெட்டும் பலகைக்குக் கறை பிடிக்காத பீச் மரம். நம் அம்மம்மாக்கள் விதை உளுந்தையும் சோளப் பொத்தியையும் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றியதும் இதே கணக்குத்தான்: புகை பட்டால் வண்டு நெருங்காது.

வளவில் வேம்பு நிற்கிறதே! அரிந்து, நன்றாகக் காயவிட்டு, சட்டமும் பலகையுமாக அடிக்கச் சொல்லுங்கள். கால் வைத்து உயர்த்தினால் கறையான் ஏறுவது கண்ணில் படும். தட்டுகளுக்குக் கம்பிவலைக் கதவு போதும், காற்று நுழையும். அளவை மட்டும் படத்திலிருந்து எடுக்காதீர்கள். பொங்கல் பானையும் தேங்காய் திருவலையும் அந்தத் தட்டுகளுக்குள் அடங்காது. பெரும்போகம் வெட்டிய பிறகு நெல்மூடையை எங்கே வைப்பீர்கள்?

பின்பக்க அடுப்படியை இடித்துவிட்டுத்தான் கபேட் போட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? 2022இல் சமையல் எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, விறகடுப்பு வைத்திருந்த வீடுகளில் நேரத்துக்குச் சோறு வெந்தது. அடுப்பு இருக்கட்டும், புகைதான் வெளியேற வேண்டும். புகைபோக்கி கட்டச் சொன்னால் சில மேசன்மார் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், கட்டி முடித்த பிறகு கூலியைக் கொடுங்கள்.